மணிக்கூடு தூரம் சொல்லத் தொடங்கிய கதை

போன ஆடி மாதம் கனடாவிலிருந்து பெரியம்மாட மகன் அண்ணா ஊருக்கு வந்திருந்தார். கையில தடிச்ச கறுப்பு மணிக்கூடு ஒண்டு. "நேரம் பார்க்கவா அண்ணா இவ்வளவு பெரிசு?" எண்டு கேட்டேன். "நேரம் பார்க்க இல்லடா, தூரம் பார்க்க" எண்டார். அடுத்த நாள் காலமை சீனக்குடாவில விமானப்படை நடத்துற கோல்ப் மைதானத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு கோல்ப் தெரியாது. வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

ஒரு இடத்தில அண்ணா மணிக்கூட்டைப் பார்த்தார். குழி இருக்கிற புல்தரையின் நடுவுக்கு 150 யார் எண்டு காட்டியது. அதற்கேற்ற மட்டையை எடுக்கப் போனவரை, பையைத் தூக்கி வந்த ஐயா மறித்தார். "கச்சான் எதிர்க்க அடிக்குது தம்பி, 165க்கு அடியுங்க." அண்ணா சிரித்தபடி மணிக்கூட்டை நம்பினார். பந்து புல்தரைக்கு முன்னால் இருந்த மணற்குழிக்குள் விழுந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அண்டைக்கு இரண்டு கேள்வி வந்தது. நேரம் காட்டவேண்டிய மணிக்கூட்டுக்கு தூரம் எப்படித் தெரிந்தது? அது சொன்னது சரியெண்டால் பந்து ஏன் விழவேண்டிய இடத்தில் விழவில்லை? தேடிப் பார்த்தால் கதை எங்கட துறைமுகத்துக்கே வந்து நிற்கிறது.

முதலில் கடல். பழைய காலத்துக் கப்பலுக்கு வடக்குத் தெற்காகத் தான் எங்கே நிற்கிறது என்பது பெரிய பிரச்சினையில்லை. சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ அளந்தால் போதும். கிழக்கு மேற்குத்தான் சிக்கல். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. கிரீன்விச்சில் இப்போது என்ன நேரம் என்று தெரிந்தால், இங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தோடு ஒப்பிட்டு நெடுங்கோட்டைக் கண்டுபிடிக்கலாம். திருகோணமலையில் உச்சி வெயில் அடிக்கும்போது கிரீன்விச்சில் ஏறத்தாழ காலை 6.35. இந்த நேர வித்தியாசம்தான் நாங்கள் இருக்கும் இடம்.

ஆனால் ஆடும் கப்பலில் சரியாக ஓடும் மணிக்கூடு யாரிடமும் இருக்கவில்லை. 1714இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இதற்கு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது. ஜோன் ஹரிசன் என்ற தச்சுத்தொழில் தெரிந்த மனிதர் தன் ஆயுளையே இதற்குச் செலவழித்தார். அவருடைய நான்காவது மணிக்கூடு 1761இல் ஜமேக்காவுக்குப் போன பயணத்தில், 81 நாட்களில் 5 செக்கன் அளவுதான் பிந்தியது.

அந்த 5 செக்கன் எவ்வளவு பெரிது என்று பார்ப்பம். எங்கட அகலாங்கில் ஒரு செக்கன் பிழைத்தால் இடம் 460 மீட்டர் அளவுக்குப் பிழைக்கும். யாரில் சொன்னால் 500க்குக் கொஞ்சம் மேல். கோல்ப் மைதானத்தில் நீளமான ஒரு குழியின் தூரம் அவ்வளவுதான். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அதை அவர்களிடமிருந்து பிடித்தார். இப்படி ஆளுக்காள் பறித்துக்கொண்ட துறைமுகத்துக்கு இருட்டில் வழி தேடி வரும் கப்பலுக்கு, 460 மீட்டர் என்பது குடாவுக்கும் பாறைக்கும் இடையிலான வித்தியாசம்.

இடத்தைச் சரியாகச் சொல்வதே ஓர் ஆயுதம் என்பது 1942இல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து கிளம்பிய கனேடிய விமானி லெனர்ட் பேர்ச்சோலின் கட்டலினா விமானம் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. சுட்டு வீழ்த்தப்படுமுன் எதிரி வருகிறான் என்ற செய்தியை வானொலியில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அண்ணா பந்தடித்த பக்கத்தில் காட்டுக்குள் நிற்கிற எண்ணெய்க் குதங்கள் அந்தக் காலத்தின் சாட்சிகள்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். 1956இல் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில் குடியேறினார். மைக் வில்சனோடு சேர்ந்து திருகோணமலைக் கடலில் சுழியோடி, சுவாமி மலையடியில் கிடந்த பழைய கோயிலின் கற்தூண்களைப் பார்த்தார். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் மிச்சங்கள் அவை. அதே 1956இல் அன்ட்ரூ ஹேலி என்பவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வானில் செய்மதிகளை நிறுத்தினால், மணிக்கூடு அளவான கருவி ஒன்றைப் பார்த்தே பூமியில் எவரும் தான் நிற்கும் இடத்தை அறியலாம் என்பது அதில் ஒரு கருத்து. ஒரு செய்மதிகூட வானுக்குப் போகாத காலம் அது. அண்ணாவின் கையில் கிடந்தது கிளார்க் அண்டைக்குச் சொன்ன அந்தப் பொருள்தான்.

அடுத்த வருடம், 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அதே மாதம்தான் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. துறைமுகத்தைப் பிடித்து வைத்துக் கடலை ஆண்ட காலம் முடிய, வானத்தைப் பிடித்து வைக்கும் காலம் தொடங்கியது என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் கையர், வைஃபன்பாக் என்ற இருவர் ஸ்புட்னிக்கின் 'பீப்' ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் எங்களைக் கடந்து போகும்போது ஹோர்ன் சத்தம் மாறுமே, அதுபோல அலைவரிசை மாறுவதை வைத்து செய்மதி எங்கே பறக்கிறது என்று கணித்தார்கள். அதைத் தலைகீழாக்கினால், செய்மதி இருக்குமிடம் தெரிந்தால் கேட்பவர் இருக்குமிடமும் தெரியும். அணுவாயுத நீர்மூழ்கிகளுக்காக 'ட்ரான்சிட்' என்ற முறை இப்படித்தான் பிறந்தது. 1973இல் ஜிபிஎஸ் திட்டம் தொடங்கியது. முதல் செய்மதி 1978இல் பறந்தது. 1995இல் முழு அமைப்பும் வேலைக்குத் தயாரானது.

ஜிபிஎஸ்ஸும் ஹரிசனின் கணக்குத்தான், மணிக்கூட்டை வைத்து இடம் தேடுவது. 20,000 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒவ்வொரு செய்மதியிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. "நான் இந்த நேரத்தில் இந்த இடத்தில்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கலாம். மூன்று செய்மதிகள் இடத்தைச் சொல்லப் போதும். ஆனால் எங்கட கையில் இருப்பது மலிவான மணிக்கூடு. அதன் பிழையைத் திருத்த நாலாவது ஒன்று தேவை. ஐன்ஸ்டைன் சொன்னபடி மேலே இருக்கும் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோசெக்கன் வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்கு இடம் பிழைத்துவிடும்.

இராணுவத்தின் பொருள் அண்ணாவின் கைக்கு எப்படி வந்தது? 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி கொரியப் பயணிகள் விமானம் ஒன்று பாதை மாறி சோவியத் வான்பரப்புக்குள் போய்ச் சுடப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் ஜிபிஎஸ் பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று ரேகன் அரசு அறிவித்தது. ஆனால் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்தார்கள். 100 மீட்டர் வரை பிழைக்கும். அதை வைத்துக் கப்பல் ஓட்டலாம், கோல்ப் ஆட முடியாது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. கோல்ப் மணிக்கூடு உண்மையில் அந்த முடிவின் பிள்ளை. 2006இல் விளையாட்டு விதிகள் உள்ளூர் அனுமதியோடு தூரம் அளக்கும் கருவிகளுக்கு இடம் கொடுத்தன. 2019இலிருந்து, தடை போடாத எல்லா இடத்திலும் பாவிக்கலாம்.

யாராவது வாங்க நினைத்தால் நான் அண்ணாவிடம் கேட்டு அறிந்ததைச் சொல்கிறேன். விலையைப் பார்க்க முதல், நீங்கள் ஆடும் மைதானம் அந்தக் கம்பனியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்க. வரைபடம் இல்லாவிட்டால் மற்ற வசதி எல்லாம் வீண். வரைபடத்துக்கு வருடக் கட்டணம் கேட்கிறார்களா, 18 குழியும் முடியும்வரை பற்றரி நிற்குமா, திருமலை வெயிலில் திரை தெரியுமா என்பதையும் பாருங்க. ஆட முதல் வெளியில் நின்று செய்மதி பிடிக்க விடுங்க. யாரா மீட்டரா என்று ஒருக்கா பாருங்க. 150 யார் என்பது 137 மீட்டர்தான். மூன்று இலக்கம் காட்டும், புல்தரையின் முன், நடு, பின் என்று. நடுவை மட்டும் பார்க்கிறவர்கள்தான் மணற்குழிக்குள் போவார்கள்.

முக்கியமானது, ஒவ்வொரு மட்டையாலும் உங்கட பந்து எவ்வளவு தூரம் போகும் என்பது. அது உங்களுக்குத் தெரியாவிட்டால் மணிக்கூடு சொல்வதில் பிரயோசனமில்லை. காற்று வேகத்தையோ மேடு பள்ளத்தையோ ஆட்டத்தின்போது கருவியால் அளக்க விதியே விடாது. அதை மனிதர்தான் கணிக்க வேண்டும். கச்சானைக் கணிக்க ஐயா வேண்டும்.

பை தூக்குபவர்களின் அறிவைச் சின்னதாக நினைக்க ஏலாது. இந்திய ஓபன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், 1991இல். 2009இல் வென்றவர் பெங்களூரின் சின்னசாமி முனியப்பா. இருவரும் மற்றவர்களுக்குப் பை தூக்கித் தொடங்கியவர்கள். மைதானத்தைக் காலால் அளந்தவர்கள். மணிக்கூடு வந்தபிறகு அந்த வேலைக்கு ஆள் ஏன் என்று கேட்கிறவர்கள் கூடுகிறார்கள். ஆட்டக்காரருக்கு அது ஒரு வசதி. ஐயாவுக்கு அது வருமானம்.

கடைசியாக ஒன்று. கொட்டியாரக் குடாவின் மற்றக் கரையில் சம்பூர் இருக்கிறது. 2006 ஏப்ரலில் அந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. நிலம் 2015, 2016ஆம் ஆண்டுகளில் கட்டம் கட்டமாகத் திருப்பிக் கிடைத்தது. போய்ப் பார்த்தவர்களுக்குப் பல இடங்களில் வீடு இருந்த அடையாளமே இல்லை. எங்கட ஊர்களில் எல்லையைச் சொல்வது இலக்கம் இல்லை. கிணறு, பனை, வேலிப் பூவரசு. அவை போனால் எல்லையும் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும். ஒரு குழிக்கு எத்தனை யார் என்று செய்மதி துல்லியமாகச் சொல்கிற அதே மாவட்டத்தில், தன் கிணறு எங்கே இருந்தது என்று தேடிய மனிதர்களும் இருந்தார்கள்.

கோல்ப் மணிக்கூடு உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கட போனுக்குள் அதே வேலை செய்யும் கருவி இருக்கிறது. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கூட்டிக்கொண்டு நடவுங்க. குளம், கிணறு, ஒழுங்கை, கோயிலடி எல்லாத்தின் பெயரையும் கேட்டு, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மப் வரைபடத்தில் குறியுங்க. செய்மதி இலக்கத்தைத் தரும். பெயரைச் சொல்ல அவர்கள்தான் வேண்டும், அதுவும் அவர்கள் இருக்கும்போதே.

திரும்பி வரும்போது அண்ணா அந்த ஐயாவிடம், "எப்படி 165 எண்டு சொன்னீங்க?" என்று கேட்டார். ஐயா முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக் காட்டினார். அடுத்த நாள் ஆட்டத்துக்கும் அண்ணா மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டுதான் போனார். ஆனால் அடிக்க முதல் ஐயாவைப் பார்த்தார்.