இணையவழிக் கல்லூரிப் படிப்பு: சேருமுன் செய்ய வேண்டிய ஆயத்தம்

இணையவழிக் கல்லூரிப் படிப்பு என்பது வகுப்பறைக்குப் போகாமல், காணொளிப் பாடம், மின்னூல், வாராந்தர ஒப்படைப்பு, தேர்வு ஆகியவற்றின் வழியாகச் சான்றிதழோ பட்டமோ பெறும் முறை. பாடப் புத்தகம் தபாலில் வந்த காலத்து அஞ்சல்வழிக் கல்வியின் வாரிசு இது. ஊரில் பலர் இன்னும் ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

சேர்வது எளிது, முடிப்பவர்கள் குறைவு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரையின்படி, 2017-18-இல் பதிவு செய்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேரே பாடத்தை முடித்தார்கள். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலும் முடித்தவர்கள் பாதிக்குக் குறைவு. இத்தனை பேருக்கும் அறிவு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மணி அடித்தால் வகுப்பு, உட்கார ஒரு பெஞ்சு, புரியாததைக் கேட்கப் பக்கத்தில் ஒரு தோழி, வராவிட்டால் ஏன் என்று கேட்கும் ஆசிரியர் என்று கல்லூரி மாணவருக்குச் சொல்லாமலே தரும் உதவிகள் பல. இணையவழியில் சேர்பவர் இவற்றைத் தானே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆயத்தம் என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டைத்தான்.

இதை யோசித்துப் பார்க்க லாஸ்பேட்டை பொருத்தமான ஊர். பிரெஞ்சு ஆளுநர் லா த லொரிஸ்தோனின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதி, புதுச்சேரி நகரின் வடமேற்கில் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. 1961-இல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், மகளிர் பாலிடெக்னிக், காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி எல்லாம் இங்கேயே இருக்கின்றன. இத்தனை கல்லூரிகளுக்கு நடுவில் குடியிருந்தும், பகலில் அவற்றின் வாசலை மிதிக்க நேரமில்லாதவர்கள் உண்டு: மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் ஷிப்டு பார்ப்பவர்கள், டிப்ளமோவோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்கள், குழந்தை பள்ளிக்குப் போன பிறகு மீண்டும் புத்தகத்தைத் திறக்கும் தாய்மார்கள். தொலைதூரக் கல்வி இவர்களுக்காக வந்ததுதான்.

முன்கதை

லண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே வெளியூர் மாணவர்களுக்குத் தன் தேர்வைத் திறந்துவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் உருவாகி, 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை, சென்னை, அண்ணாமலைப் பல்கலைக்கழகங்கள் அதே வழியில் வந்தன. 1980-இல் இலங்கையிலும், 1985-இல் இந்திரா காந்தி பெயரில் இந்திய அளவிலும் (இதுவே இக்னோ) திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1985-இல் பிறந்த புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் வந்தது.

அங்கீகாரம் முதலில்

ஆயத்தத்தில் முதல் வேலை புத்தகம் வாங்குவதல்ல, அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது. தொலைதூரப் படிப்புக்கும் இணையவழிப் படிப்புக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தொலைதூரக் கல்விப் பிரிவு (டெப்) அனுமதி தர வேண்டும். 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற நிறுவனத்தின் இணையவழிப் பட்டமும் நேரடி வகுப்பில் பெற்ற பட்டமும் சமம். ஆனால் பல்கலைக்கழகம் பெரிய பெயர் பெற்றது என்பது மட்டும் போதாது. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட ஆண்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபோது, தலைமுறைகளாக நம்பிச் சேர்ந்த குடும்பங்கள் திகைத்துப்போயின. பின்னர் அப்பல்கலைக்கழகம் மீண்டும் அனுமதி பெற்றுப் படிப்புகளை நடத்துகிறது. இடையில் சேர்ந்தவர்கள் பட்ட மனக்கவலைக்கு யார் ஈடு தருவது?

புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்றும் உண்டு. தொலைதூரப் படிப்பில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள்தான் படிப்பு மையம் நடத்தலாம். லாஸ்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பம் கூப்பிடு தூரம்தான். ஆனால் அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. ஆகவே தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ என்று புதுச்சேரித் தெருவில் பலகை தொங்கினால், பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்தையே நேரில் கேட்டுவிட வேண்டும். முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு இல்லை. இக்னோ நாடு முழுவதற்கும் உரியது.

எல்லாப் படிப்பையும் இணையத்தில் படிக்க முடியாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவம், பொறியியல், சட்டம், நர்சிங், பார்மசி, கட்டடக்கலை போன்றவை தொலைதூர வழியில் செல்லாது. 2025 ஜூலை-ஆகஸ்டு பருவத்திலிருந்து உளவியலும், ஊட்டச்சத்தியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ‘பத்து நாளில் எம்பிஏ’ என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று 2024-இல் யுஜிசியே எச்சரித்தது. அது வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் புதுச்சேரி முகவரியும் பல ஆண்டுகள் இடம்பெற்றிருக்கிறது. ஏஜென்ட் காட்டும் தாளை நம்புவதைவிடப் பட்டியலைத் தானே திறந்து பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலை.

இனிஷியல் தரும் தொல்லை

2024 முதல், யுஜிசி அனுமதி பெற்ற தொலைதூர, இணையவழிப் படிப்பில் சேர்பவர் டெப் ஐடி என்ற தனி எண்ணைப் பெற வேண்டும். அதற்கு ‘அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ கணக்கும், அந்தக் கணக்குக்கு ஆதாரும் வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்திருக்கும், திருமணமான பெண்ணுக்கு வேறொரு அட்டையில் கணவர் பெயரும் ஒட்டியிருக்கும். கணினிக்கு இந்த நால்வரும் வேறு வேறு ஆட்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தால் அழுகைதான் வரும். சேர்க்கைக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்வது நல்லது. புகைப்படத்தையும் கையெழுத்தையும் கேட்கும் அளவில் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டால் பின்னால் ஹால் டிக்கெட் வரை உதவும்.

எதில் சேரலாம்

மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கியது. பாடம் படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் வேண்டுவோர் தேர்வுக்கு மட்டும் பணம் கட்டுகிறார்கள். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் இதில் ஓர் அங்கம். அதன் பொறியியல், அறிவியல் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் கல்விக் காணொளிகளைத் தயாரிக்கும் மையம் இருப்பது இந்த ஊருக்குப் பெருமை. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவரும் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படித்து கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள 2021 விதிமுறை இடம் தருகிறது. ஆனால் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா என்று துறைத்தலைவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

என்பிடெல் மதிப்பெண் முறையை அறிந்தவருக்கு ஆயத்தத்தின் பாதி புரிந்துவிடும். இறுதி மதிப்பெண்ணில் 25 பங்கு வாராந்தர ஒப்படைப்புக்கு, 75 பங்கு நேரடித் தேர்வுக்கு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்படைப்பில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 எடுத்தால்தான் சான்றிதழ். ஆக, ஒப்படைப்பை அலட்சியம் செய்தவர் தேர்வில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்தவருக்கோ வழி இருக்கிறது. மனிதர் வாழ்க்கை தெரிந்து வைத்த விதி இது.

முழுப் பட்டமே வேண்டுமென்றால், சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பு நல்ல உதாரணம். ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்து, பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு பாடங்களை நான்கு வாரம் படிக்கவைத்து, ஒப்படைப்பு வாங்கி, பிறகு தகுதித் தேர்வு வைக்கிறார்கள். இந்த நான்கு வாரமே ஓர் ஒத்திகை. தாங்குமா தாங்காதா என்று மாணவருக்கே தெரிந்துவிடும். நுழைவுத் தேர்வை இவ்வளவு நியாயமாக அமைத்த படிப்புகள் நம்மிடம் அதிகம் இல்லை.

நேரம், இடம், மின்சாரம்

ஒரு பாடத்துக்கு வாரம் நான்கைந்து மணி நேரமாவது வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது படிப்பேன்’ என்பவருக்கு நேரம் கிடைப்பதே இல்லை. ஷிப்டு மாறும் தொழிலாளிக்குக் கிழமை வைத்துத் திட்டமிடுவது சரிவராது, அந்த வார ஷிப்டைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமையே மணியைக் குறித்துவிட வேண்டும். வீட்டில் அதைச் சொல்லியும் வைக்க வேண்டும். ‘ஏழிலிருந்து எட்டரை வரை அம்மா வகுப்பில் இருப்பாங்க’ என்று பிள்ளைகள் பழகிவிட்டால் பாதிப் படிப்பு முடிந்தது. காணொளி பார்க்கக் கைப்பேசி போதும். ஒப்படைப்பு எழுதவும் கணினி நிரல் பழகவும் விசைப்பலகை உள்ள கருவி தேவை, பழைய மடிக்கணினியே போதும்.

புதுச்சேரியில் மழைக்காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பல பகுதிகளில் மின்சாரம் இல்லை. இக்னோவின் பருவ இறுதித் தேர்வுகளில் ஒன்று டிசம்பரில். ஸ்வயத்தின் ஜூலைப் பருவப் பாடங்கள் முடிவதும் வடகிழக்குப் பருவமழையில்தான். இந்த ஊர்க்காரர் அக்டோபர் தொடங்கும்போதே மீதிக் காணொளிகளைப் பதிவிறக்கிக்கொண்டு, ஒப்படைப்பைக் கெடு நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்பும் பழக்கத்துக்கு வந்துவிட வேண்டும். கெடு நாள் இரவு 11 மணிக்கு மேல் கரண்டையும் ஹாட்ஸ்பாட்டையும் நம்புவது ஆபத்து.

படிக்கும் முறை

காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிவதுபோல் இருக்கும். அது பெரும்பாலும் ஆசிரியரின் தெளிவு, நம்முடையதல்ல. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இணையவழி மாணவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காணொளியை நிறுத்தி, திரையை மூடி, கேட்டதை வெறும் தாளில் தன் வார்த்தையில் எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுவது. எழுத வராத இடம்தான் மீண்டும் கேட்க வேண்டிய இடம்.

தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் மூன்று வாரம் ஆங்கிலம் சுவர்போல் நிற்கும். பாடத்தின் கலைச்சொற்கள் பெரும்பாலும் நூறைத் தாண்டாது. தனி நோட்டில் சொல்லும் பொருளும் எழுதிவந்தால் நான்காம் வாரத்தில் மூச்சு விடலாம். தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் விடை எழுதுவதில் குறைவு எதுவும் இல்லை.

தனியாகப் படிப்பவர்தான் எளிதில் விலகுகிறார். ஒரே பாடத்தில் சேர்ந்த இரண்டு மூன்று பேர் வாரம் ஒருமுறை சந்தித்தாலே போதும். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹெலிபேட் மைதானத்தில் மாலை நடைக்குப் போகிறவர்கள் அங்கேயே பேசிக்கொள்ளலாம். லாஸ்பேட்டையின் அரசுக் கல்லூரிகள் தங்கள் நூலகத்தையும் ஒரு வாசிப்பறையையும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை இந்த மாணவர்களுக்குத் திறந்துவிட முன்வர வேண்டும். கட்டடமும் மின்விசிறியும் ஏற்கெனவே இருக்கின்றன.

பட்டப் படிப்புக்குப் பெரிய தொகை கட்டும் எண்ணம் இருப்பவர்கள் அதற்கு முன் ஸ்வயத்தில் 4 வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்து, எல்லா ஒப்படைப்பையும் கெடுவுக்குள் அனுப்ப முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. பருவங்கள் ஆண்டுக்கு இரண்டு, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன.