கொதிக்குது மொட்டை மாடி. வீட்டு சூட்டுக்கு சட்டம் என்ன சொல்லுது?

சென்னை: சித்திரை, வைகாசியில் மாடி வீட்டுக்காரர்கள் படும் பாட்டை கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார். ராத்திரி 11 மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். ஃபேனைப் போட்டால் அனல் காற்று. கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கே போய்ப் படுக்க வேண்டியதுதான்.

இதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட் தளமும் காரணம். பகல் முழுக்க சூட்டைக் குடித்துவிட்டு, சாயங்காலத்தில் இருந்து மெதுவாக வீட்டுக்குள் கக்குகிறது.

10-க்கு 10 அறை. மேலே 6 இன்ச் தளம், வேறு எதுவும் போடவில்லை. தளத்தின் மேல்பக்கம் அறையை விட 25 டிகிரி அதிகமாகச் சுட்டால், உள்ளே இறங்கும் வெப்பம் தோராயமாக 750 வாட்ஸ். ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் செய்து விட்டத்தில் தொங்கவிட்ட மாதிரி!

பிளானில் சூடு இல்லை

வீடு கட்ட விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. 2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் வந்தன. எவ்வளவு உயரம், பக்கத்தில் எத்தனை அடி இடம் விடணும், கார் எங்கே நிறுத்தணும், மழைநீர் தொட்டி எங்கே என்று எல்லாம் அதில் உண்டு.

2024 ஜூலையில் சுயசான்று முறையும் வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்கு அது நிம்மதிதான். ஆனால் தளத்தில் சூடு எவ்வளவு இறங்கும் என்று சின்ன வீட்டுக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

மத்திய அரசின் விதி

சூட்டுக்கென்றே ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. பெயர் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’. ஃபிரிட்ஜில் நட்சத்திரம் ஒட்டும் பி.இ.இ. அமைப்பு தயாரித்தது. 2018 டிசம்பர் 14-ந்தேதி மத்திய மின்துறை இதை வெளியிட்டது. கடைக்கும் ஆபீசுக்கும் இப்படி ஒரு விதி 2007-லேயே வந்துவிட்டது. ஜனம் தூங்குகிற வீட்டுக்கு வர 11 வருஷம் ஆகியிருக்கிறது.

அதில் முக்கியமானது கூரைக் கணக்கு. உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால், 1 சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்ஸுக்கு மேல் வெப்பம் இறங்கக்கூடாது. நம் ஊர் வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3-க்கு மேல். அதாவது விதி சொல்வதைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம்.

அடுத்தது ஜன்னல். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில், காற்று வரத் திறக்கிற இடம் வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கணும். 300 சதுர அடி வீடு என்றால் 50 சதுர அடி. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இப்போது எல்லோரும் வைக்கும் ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். 4-க்கு 4 ஜன்னல் வைத்தாலும் காற்று வருவது 8 சதுர அடியில்தான். பழைய கதவு ஜன்னல் முழுசாகத் திறக்கும்.

யாருக்கு இந்த விதி?

இங்கேதான் இடிக்கிறது. 500 சதுர மீட்டர், அதற்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான் இந்த விதி எழுதப்பட்டது. நம் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. அரை கிரவுண்டில் கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு என்று கட்டுபவர் இதில் வரமாட்டார். அதுவும் மாநில அரசு தன் கட்டிட விதியில் சேர்த்தால்தான் பிளான் அப்ரூவலில் கட்டாயம் ஆகும்.

2022-ல் எரிசக்தி சேமிப்பு சட்டத்தைத் திருத்தி குடியிருப்புகளையும் சேர்த்தார்கள். 2023 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தது. ஆனால் அதிலும் 100 கிலோவாட் மின்பளு உள்ள கட்டிடம் என்பதுதான் அளவு. பெரிய அபார்ட்மெண்ட்டுகள்தான் அதைத் தொடும். மாநிலம் நினைத்தால் அந்த அளவைக் குறைக்கலாம் என்று சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

பக்கத்து தெலுங்கானா 2023-ல் குளுகுளு கூரைக்கென்றே கொள்கை கொண்டுவந்தது. அரசு கட்டிடம், வணிகக் கட்டிடம், 600 சதுர கஜத்துக்கு மேல் மனை உள்ள வீடு எல்லாவற்றுக்கும் கட்டாயம். அங்கேயும் சின்ன வீட்டுக்கு ‘விருப்பம் இருந்தால்’ தான்.

நம்மால் முடியாதது இல்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பை புது வீடு, பழைய வீடு என்று பார்க்காமல் கட்டாயமாக்கினார்கள். குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றதும் தெருவுக்குத் தெரு குழாய் பதித்தார்கள்.

மேஸ்திரியிடம் என்ன கேட்கலாம்?

புதுசாகக் கட்டுகிறவர்கள் தளம் போடும்போதே கேட்டுவிடணும். சென்னையில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு பதிப்பது பழைய வழக்கம். மழை ஒழுகாது, சூடும் கொஞ்சம் குறையும். ஆனால் அது மட்டும் 1.2 கணக்குக்கு வராது. ஒழுகாமல் பூசிய தளத்தின் மேல் ஒரு இன்ச் கனத்தில் கெட்டியான இன்சுலேஷன் போர்டு (தெர்மாகோல் ஜாதிதான்) வைத்து, அதன் மேல் காரை போட்டு டைல்ஸ் பதித்தால் வந்துவிடும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு மலிவான வழி வெள்ளை. தளத்தைக் கழுவி சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயிண்ட்டோ அடிக்கலாம். கறுத்த தளம் குடிக்கிற சூட்டை வெள்ளைத் தளம் குடிக்காது. சுண்ணாம்பு ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம். வருஷா வருஷம் பங்குனியில் அடிக்கணும்.

வாடகைக்கு இருப்பவர் கதி

வீட்டைக் கட்டுவது ஓனர், கரண்ட் பில் கட்டுவது குடியிருப்பவர். அப்புறம் ஓனர் எதற்குத் தளத்துக்கு செலவு செய்வார்? தகர ஷீட் போட்ட மாடி ரூமில் இருப்பவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

பழைய ஃபேன் 75 வாட்ஸ். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ் அளவில் ஓடும். 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 2023-ல் இருந்து ஃபேனுக்கும் நட்சத்திரக் குறி கட்டாயம், பார்த்து வாங்கலாம்.

ஏ.சி. இருக்கும் வீட்டில் 500-வது யூனிட்டில் கண் இருக்கணும். 2024 ஜூலை கட்டண அட்டவணைப்படி, இரண்டு மாதத்தில் 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த குறைந்த கட்டணம் போய்விடும். வீடு பார்க்கப் போகும்போதே தனி மீட்டர் இருக்கிறதா என்று கேட்கணும். சாயங்காலம் 4 மணிக்குப் போய் விட்டத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்க்கணும். கைக்கு எட்டினால் தொட்டும் பார்க்கலாம்.