ஏரி ஒருத்தருது, தண்ணி இன்னொருத்தருது: விண்டி கேப் கதை

இன்னைக்கு எபிசோட் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடக்குது. ஆனா கேட்கக் கேட்க நம்ம ஊர் ஏரித் தகராறு மாதிரியே இருக்கும்.

முதல்ல நிலவரம். ராக்கி மலைத்தொடர் கொலராடோவை ரெண்டாப் பிரிக்குது. மழை, பனியில் சுமார் 80 சதவீதம் மேற்குப் பக்கம் விழுது. மக்களில் பெரும்பாலானோர் இருப்பது கிழக்குப் பக்கம். 1930-களின் வறட்சியில் கிழக்குப் பக்க விவசாயிகள் தவிச்சபோது, தண்ணியைக் கொண்டுவர 1937-ல் ஒரு நீர் மாவட்டம் அமைச்சாங்க. அரசு மலையைக் குடைஞ்சு 21 கிலோமீட்டர் சுரங்கம் போட்டது. 1947-ல் அது வழியா மேற்குத் தண்ணி கிழக்கே வந்தது. மேற்கில் அந்தத் தண்ணியைத் தேக்கும் இடம் கிரான்பி ஏரி.

அப்புறம் ஊர்கள் வளர்ந்துச்சு, தண்ணி பத்தலை. கிழக்குப் பக்க நகரங்கள் ஒண்ணு சேர்ந்து 1985-ல் விண்டி கேப் திட்டத்தை முடிச்சாங்க. கொலராடோ ஆத்துல ஒரு சின்ன தடுப்பணை. அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் பம்ப் பண்ணி கிரான்பி ஏரிக்கு ஏத்தி, அதே சுரங்கம் வழியா கிழக்கே அனுப்பணும். சராசரியா வருஷத்துக்கு 48,000 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 2 டிஎம்சி கிடைக்கும்னு கணக்கு.

கணக்கு தப்பலை, சராசரி ஏமாத்திருச்சு. கொலராடோ சட்டப்படி ஆத்துல முதல்ல உரிமை வாங்கினவருக்குத்தான் முதல் தண்ணி. விண்டி கேப் கடைசியில் வந்தது. வறட்சி வருஷத்தில் அதோட முறை வர்றதுக்குள்ள ஆறு வத்திடும். சரி, நல்ல மழை வருஷத்தில்? அப்போ கிரான்பி ஏரி அதோட சொந்தத் தண்ணியாலேயே நிரம்பியிருக்கும். விண்டி கேப் அங்கே ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரரோட சாமான் வந்தா, குடித்தனக்காரர் சாமான் வெளியே. ஆக, நிச்சயமா கிடைக்கும்னு நம்பக்கூடிய அளவு பூஜ்யம்.

நான் வேலை பாக்குற சாஃப்ட்வேர் உலகத்தில் இது தெரிஞ்ச பிரச்சினை. வர்ற வேகமும் செலவாகுற வேகமும் ஒத்துப்போகாதப்போ நடுவில் ஒரு சேமிப்பு வேணும். நம்ம முன்னோர் ஏரி வெட்டினதும் இதுக்குத்தானே? மழை மூணு மாசம், தேவை பன்னிரண்டு மாசம்.

2000-களின் தொடக்கத்தில் விண்டி கேப் பங்குதாரர்கள் இதையேதான் யோசிச்சாங்க: கிழக்குப் பக்கம் சொந்தமா ஒரு நீர்த்தேக்கம். இடம், லவ்லண்ட் ஊருக்குத் தென்மேற்கே சிம்னி ஹாலோ பள்ளத்தாக்கு. அளவு 90,000 ஏக்கர்-அடி, சுமார் 3.9 டிஎம்சி. செம்பரம்பாக்கம் ஏரியை விடக் கொஞ்சம் பெருசு. சேர்ந்தது 12 பேர். புரூம்ஃபீல்ட், லாங்மாண்ட், கிரீலி மாதிரி நகரங்கள், ஒரு மின்வாரியம், கூடவே லிட்டில் தாம்சன், சென்ட்ரல் வெல்ட் கவுண்டி என்ற ரெண்டு ஊரகக் குடிநீர் மாவட்டங்கள்.

இந்த ஊரக மாவட்டங்களைக் கவனிக்கணும். பண்ணை வீடுகள், சின்ன ஊர்களுக்குக் குழாய்த் தண்ணி கொடுக்கிறவங்க. தனியா இப்படி ஒரு அணை கட்ட அவங்களால முடியவே முடியாது. கூட்டுத் திட்டத்தில் தேவையான கொள்ளளவுக்கு மட்டும் பங்கு வாங்கலாம், செலவும் அதே விகிதத்தில். தேக்குறது சுத்திகரிக்காத தண்ணி. சுத்திகரிப்பு அவங்கவங்க ஊரில். இது இல்லாட்டி மிச்சமிருக்கும் வழிகளில் முக்கியமானது, விவசாயிகளோட பாசன உரிமையை விலைக்கு வாங்குறது. தண்ணி போன வயல் தரிசாகும்.

இதுவரைக்கும் கிழக்கோட கதை. மேற்கோட கதை வேற. விண்டி கேப் தடுப்பணைக்குக் கீழே ஆத்துல மீன்களும், மீனுக்கு இரையாகும் பூச்சிகளும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. புது நீர்த்தேக்கம் வந்தா இன்னும் தண்ணி போகும். மேற்குப் பக்க மக்கள் சும்மா இருப்பாங்களா? வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை. 2014-ல் மத்திய நீர்த்துறை ஒப்புதல், 2017-ல் ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதி. அதே வருஷம் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டாங்க. 2021-ல் சமரசம்: மேற்குப் பக்க நீர்நிலைகளைச் சரிசெய்ய 1.5 கோடி டாலர். அந்த ஆகஸ்டில்தான் அணை வேலை தொடங்குச்சு.

இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுக்கும்போது, "இருபது வருஷம் சிவப்பு நாடா" என்று நானே எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் அடிச்சுட்டேன். ஏன்னா அந்தப் பேச்சுவார்த்தைகளில் கிடைச்ச ஒண்ணு: தடுப்பணையைச் சுத்தி ஆத்துக்கு சுமார் ஒன்றரை கிலோமீட்டர் புது வாய்க்கால். 2023-ல் அதில் தண்ணி ஓடத் தொடங்குச்சு. 1985-ல் அறுந்துபோன ஆறு, மீன் மேலே ஏறிப்போகும்படி மறுபடி சேர்ந்தது. 1985-ல் பம்பு, குழாய், தடுப்பணை எல்லாம் கச்சிதமா போட்டாங்க. ஆனா தண்ணியைத் தேக்க யாரோட இடம், ஆத்துக்கு என்ன மிச்சம், இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் இல்லாமலே திட்டம் ஓடுச்சு. அந்தப் பாக்கியைத்தான் அடுத்த தலைமுறை வட்டியோட கட்டுச்சு.

உங்க ஊர்ல கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருதுன்னா, "எத்தனை லிட்டர்" என்று மட்டும் கேட்காதீங்க. "வறட்சியில் யாருக்கு முதல் முறை, மழையில் யாரோட இடத்தில் தேக்குவீங்க" என்றும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.