குளிரைக் காத்த வரலாறு

மின்சாரம் நின்றுவிட்டால், குளிர்ப்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதே நம்மவரிற் பலருக்கு வழக்கமாயிருக்கிறது. இஃது எத்துணைத் தவறென்பதை ஒரு பழைய வாணிகத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

அமெரிக்காவின் போஸ்டன் நகர வணிகர் பிரடரிக் டியூடர் என்பார், உறைந்த ஏரிகளினின்று ஐஸ் கட்டிகளை அறுத்தெடுத்து, 1806-ஆம் ஆண்டு மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலேற்றினார். ஊரார் நகைத்தனர். 1833-இல் 'டஸ்கனி' என்னும் அவரது கப்பல் ஏறக்குறைய 180 டன் ஐஸுடன் புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் கல்கத்தாவை யடைந்தது. அப்பொழுதும் சுமார் 100 டன் கரையாது எஞ்சியிருந்தது! சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸும், சிங்கப்பூரில் 1854-இல் வாம்போ என்னும் சீன வணிகர் கூட்டாக நிறுவிய ஐஸ் கிடங்கும் இவ்வாணிகத்தின் கிளைகளே.

இதில் மாயம் யாது? ஒன்றுமில்லை. கட்டிகளை நெருக்கி அடுக்கினர். சுற்றிலும் மரத்தூளை நிரப்பினர். வெளிவெப்பம் உட்புக வழியின்றிச் செய்தனர். குளிரை உண்டாக்க அவர்களிடம் இயந்திரமில்லை. உள்ள குளிரைக் காக்கும் அறிவு இருந்தது. அன்று அந்த ஐஸ் செல்வர்க்கே எட்டிய பொருள். அவ்வறிவோ இன்று தோட்டத் தொழிலாளிக்கும் உரியது.

1996 ஆகஸ்ட் 3-ஆம் நாள் மாலை, மலேசியத் தீபகற்பத்தில் மின்சாரம் அற்றுப்போய் நகரங்கள் இருளில் மூழ்கின. அத்தகைய வேளையில் நம் குளிர்ப்பெட்டியும் ஓர் ஐஸ் கிடங்கே யாகும். கதவைத் திறவாதிருந்தால் உள்ளிருக்கும் உணவு நான்கு மணிநேரம் வரை கெடாது. உறையறை நிறைந்திருந்தால் 48 மணிநேரமும், பாதி நிறைந்திருந்தால் 24 மணிநேரமும் குளிர் நிற்கும். அதற்குமேல் இறைச்சி, மீன், பால், தேங்காய்ப்பாற் குழம்பு முதலியவற்றை முகர்ந்து பார்த்து உண்பது பேதைமை. மணம் மாறாத உணவிலும் நோய்க்கிருமி பெருகியிருக்கக் கூடும்.

சமையலுக்குக் கரியடுப்பு உதவும். ஆனால் அதனை வெட்டவெளியிலேயே மூட்டுதல் வேண்டும். அடைத்த அறையில் எரியும் கரியினின்று எழும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோர் உயிரை அறியாமலே கவர்ந்துவிடும்.

சிக்கனமாய் வாழும் குடும்பத்துக்கு ஒரு வாரக் கறி வீணாவது சிறு நட்டமன்று. கெட்டதை உண்டு குழந்தை நோயுறுவதோ பெருந்துன்பம். மின்சாரம் நம் கையில் இல்லை. கதவு நம் கையில் இருக்கிறது. அதை மூடி வைப்போமாக!