குதிரையும் குடற்புழுவும்

நல்லூர் முத்திரைச்சந்தியில் குதிரைமீது வீற்றிருக்கும் சங்கிலியன் சிலை, அரசையும் குதிரையையும் ஒன்றாகவே மக்கள் மனத்திற் பதிக்கின்றது. குதிரையின் வீரத்தைப் பேசும் வரலாறு அதன் நோயைப் பேசுவது அரிது. ஆயினும் நோயை நோக்காது குதிரையின் வரலாறு நிறைவுறாது.

நல்லூர் அரசரின் முன்னோர் பாண்டியரோடு நெருங்கிய தொடர்புடையோர். அப்பாண்டி நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழி வந்திறங்கின என்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலன ஓராண்டினுள் மடிந்தன என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதினார். இவ்விறப்புகளுக்கெல்லாம் புழுவே காரணம் எனக் கொள்ளல் பொருந்தாது. ஒவ்வா உணவும் வெப்பமும் அவற்றுக்குத் துணைநின்றிருக்கும். எனினும், மிகுதியான குதிரைகளை ஓரிடத்தில் அடைத்து வைத்தல் புழுவுக்கு உகந்த சூழலாகும் என்பதில் ஐயமில்லை.

இதன் இயல்பு எளிது. புழுவின் முட்டைகள் சாணத்தோடு வெளியேறிப் பொரிக்கின்றன. குஞ்சுப்புழுக்கள் ஈரப்புல்லில் ஏறி, மேயும் விலங்கின் வயிற்றை மீண்டும் அடைகின்றன. ஸ்ட்ரொங்கைலஸ் வல்காரிஸ் என்னும் புழுவின் குஞ்சுகள் குடலுக்குக் குருதி கொணரும் நாடிகளிற் புகுந்து, குருதியோட்டத்தைத் தடுத்துக் கடும் வயிற்றுவலியால் உயிரையும் போக்கும். கழுதைகளையும் இப்புழுக்கள் பற்றுமெனினும், அவை நோயை வெளிக்காட்டாது சுமப்பதுண்டு. ஆகவே லாயத்திற் சாணம் அள்ளிய பெயரறியா ஏவலாளனின் தொழில், தன்னையறியாமலே செய்த மருத்துவமாகும்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் நெடுந்தீவுக்குக் குதிரைகளைக் கொணர்ந்தனர்; 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அங்கே அவற்றைப் பெருக்கினர். அவர்களது லாயத்தின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. லாயம் அழிந்தது, குதிரைகளின் வழித்தோன்றல்களோ காட்டு வாழ்வினவாய் எஞ்சின. கடும் வெயிலும் வறண்ட நிலமும் குஞ்சுப்புழுக்களை உலர்த்திக் கொல்வன. அதே நிலத்தில் மேயும் மாடுகளும் குதிரைப்புழுவின் குஞ்சுகளை உண்டு குறைப்பன. மாட்டின் குடலில் அவை பெரும்பாலும் வளர்வதில்லை. இவ்வியற்கைக் காவல் நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் உதவியிருக்கலாம்.

எனினும் வெயில் இருமுனை வாளாகும். கோடையில் நீர்நிலைகள் வற்ற, குதிரைகள் எஞ்சிய நீரருகே நெருங்கி மேய்கின்றன. நெருக்கத்தோடு புழுவும் பெருகும்; மெலிந்த உடல் அதனைத் தாங்காது. 1980களில் ஐவர்மெக்டின் என்னும் மருந்து பரவியபோது இப்பகை ஒழிந்ததெனப் பலர் கருதினர். ஆனால் வரையறையின்றி வழங்கப்பட்டதாற் பல நாடுகளில் மருந்துக்கு அடங்காப் புழுக்கள் தோன்றிவிட்டன. எனவே சாணத்தைச் சோதித்து, தேவையான விலங்குக்கு மட்டும் மருந்தளிப்பதே இன்றைய மருத்துவர் கொள்கை.

நெடுந்தீவுக் குதிரைகளைக் காப்பதெனின் வேலியும் அறிவிப்புப் பலகையும் போதா. நீரும், போதிய மேய்ச்சலும், காலந்தோறும் சாணச் சோதனையும் வேண்டும். சிலையிலுள்ள குதிரைக்கு இவை வேண்டியதில்லை. நெடுந்தீவில் உயிரோடு மேயும் குதிரைக்கு இவையே வாழ்வு.