திரும்புநீரின் உரிமை: கொலராடோவில் பாசனநீர் நகரநீரான வரலாறு

1876ஆம் ஆண்டின் கொலராடோ அரசியலமைப்பு, ஆற்றுநீரில் முந்தியவருக்கே முதலுரிமை என்பதை நிலைநாட்டியது. எனினும் வாய்க்காலில் எடுத்த நீர் முழுதும் பயிருக்குச் செலவாவதில்லை. எஞ்சியது மண்ணில் கசிந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து ஆற்றை மீண்டும் அடைகிறது. அத்திரும்புநீரை நம்பியே கீழ்மடை உழவர் பலர் உரிமை பெற்றனர். ஆகவே நகரம் உரிமையை விலைக்கு வாங்கினும், பயிர் உண்மையில் உட்கொண்ட அளவே மாற்றத்தக்கது என நீதிமன்றங்கள் வரையறுத்தன.

1980களின் நடுவில், டென்வருக்கு வடக்கேயுள்ள தார்ன்டன் நகரம் கேஷ் லா பூடர் ஆற்றுப் பாசனப் பண்ணைகள் பலவற்றை நீருரிமையோடு வாங்கியது. பிஜூ பாசன நிறுவனம் உள்ளிட்டோர் எதிர்த்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. சிக்கல் அளவில் மட்டும் இல்லை. பண்ணைகளின் கசிவு சேர்ந்தது பூடரில். நகரின் சுத்திகரித்த கழிவுநீர் சேர்வதோ சவுத் பிளாட்டில். இரு ஆறுகளும் கிரீலிக்குக் கிழக்கே கூடுவதால், கூடலுக்குக் கீழே ஈடுசெய்ய இயலும். அதற்கு மேலுள்ள பூடர்க் கரையினருக்கு அந்நீர் எட்டாது. கணக்கு நேராகலாம், வாய்க்கால் நிறையாது.

அண்டை நகரான நார்த்கிளென் 1970களிலேயே வேறு வழி கண்டிருந்தது: உழவரின் நீரை வாங்காமல் கடனாகப் பெற்று, சுத்திகரித்த கழிவுநீரைச் சற்றுக் கூடுதலாகவே அவர்களுக்குத் திருப்பித் தர உடன்பட்டது.