மூல ஓலை எங்கே?

விழுப்புரம் பக்கம் திருவெண்ணெய்நல்லூருக்குப் போயிருக்கிறீர்களா? கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊர். அங்கே கிருபாபுரீஸ்வரர் கோயிலில் ஒரு மண்டபத்தைக் காட்டி, 'இதுதான் வழக்கு வென்ற அம்பலம்' என்பார்கள்.

என்ன வழக்கு? பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை. சுந்தரருக்குக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து, 'உன் தாத்தா எழுதிக் கொடுத்திருக்கிறார், நீ எனக்கு அடிமை' என்று ஓலையை நீட்டுகிறார். மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம்! ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? திருவெண்ணெய்நல்லூர் சபையில் கிழவர் நிதானமாகச் சொன்னார், நீ கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று. சபையார் தாத்தாவின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டார்கள். பொருந்தியது. கிழவர் ஜெயித்தார். வந்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

கேமராவைப் பற்றி எழுத வந்தவன் ஏன் கோயில் கதை சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

"மாமா, விலை கம்மியா, ஈஸியா ஒரு டிஜிட்டல் கேமரா சொல்லுங்க" என்று அக்கா மகன் கேட்டான். கையில் செல்போன் இருக்க, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 2000-களில் வந்த குட்டி கேமராக்கள் மேல் திடீர்க் காதல். விலை, சுலபம் என்று இரண்டே கேள்விதான் கேட்டான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1858. கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர், மதராஸ் மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். ராட்சத கேமரா, ரசாயனம், காகித நெகட்டிவ் எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளப் படமாக்கினார். அசுர சாதனை! ஆனால், செலவு? 1860-ல் கவர்னர் டிரெவெலியன், இது நம் நிதிநிலைக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று திட்டத்துக்கே மூடுவிழா நடத்திவிட்டார். அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகாத கேமரா, சாதாரண ஜனங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

விடை சொன்னவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ல் அவர் விற்ற கோடக் கேமரா 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான ஃபிலிம். நீங்கள் பட்டனை அமுக்கினால் போதும். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு, கழுவி, பிரின்ட் போட்டு, புது ஃபிலிமும் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சுலபம் வந்துவிட்டது, விலைதான் இறங்கவில்லை. 1900-ல் அதுவும் நடந்தது. 'பிரவுனி' கேமரா, விலை ஒரே ஒரு டாலர்!

நான் பி.காம். படித்தவன், கணக்கு என் கண்ணில் முதலில் படும். கேமராவை மலிவாகக் கொடு, ஃபிலிமில் காலமெல்லாம் சம்பாதி. கோடக் சாம்ராஜ்யம் இந்த ஒரு வரியில்தான் நின்றது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் த்ரீ உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். ஒரு ரோலுக்கு 12 படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, எண்ணி எண்ணி எடுத்தார்கள். 1960-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டது. தூசி இல்லாத குளிர் மலைக்காற்று ஃபிலிமுக்கு உகந்தது. அங்கிருந்து 'இந்து' ஃபிலிம் வந்தது. எக்ஸ்-ரே ஃபிலிமும்தான்.

அந்தக் காலத்தில் ஒரு சௌகரியம் உண்டு, கவனித்தீர்களா? ஆல்பத்தில் இருக்கும் படம் கிழிந்தால் கவலை இல்லை. நெகட்டிவ் இருந்தால் மறுபடி பிரின்ட் போடலாம். பிரின்ட் என்பது படி. நெகட்டிவ்தான் மூல ஓலை!

அந்த ஓலைக்கு உலை வைத்தவர் கோடக் கம்பெனிக்குள்ளேயே இருந்தார். ஸ்டீவ் சாசன், இளம் இன்ஜினீயர். 1975-ல் உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமராவைச் செய்தார். கையடக்கம் என்றால் 3.6 கிலோ! 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட் டேப்பில் பதிய 23 விநாடி. ஒரு கேசட்டுக்கு 30 படம் என்று அவரே வரம்பு வைத்தார். ஃபிலிம் ரோலில் 24 அல்லது 36 படம்தானே, இடைப்பட்ட எண்ணாக இருக்கட்டும் என்று.

ஃபிலிமே வேண்டாம் என்கிற கேமராவை, ஃபிலிம் விற்றுப் பிழைக்கும் முதலாளிகள் எப்படி ரசிப்பார்கள்? பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஊரே ஓடும்போது கோடக்கும் பின்னால் ஓடியது. 2012-ல் திவால் மனு கொடுத்தது. ஊட்டித் தொழிற்சாலையும் கடைசியில் மூடப்பட்டது. ஜெயித்த டிஜிட்டல் கேமராவாவது நிம்மதியாக இருந்ததா? ஜப்பானிய கம்பெனிகள் உலகுக்கு அனுப்பிய கேமராக்கள் 2010-ல் 12 கோடிக்கு மேல். 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே. செல்போன் விழுங்கிவிட்டது!

இப்போது என் வீட்டுக் கதை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆசையாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். ஃபிலிம் செலவு இல்லையே என்று நானூறு படம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டேன், கார்டைக் காலி செய்தேன். பிரின்ட்? 'அப்புறம் போடலாம்.' இரண்டு வருஷம் கழித்து ஹார்ட் டிஸ்க் படுத்தது. எழவே இல்லை. இப்போது அப்பாவும் இல்லை. அவர் முகம் பார்க்க என்னிடம் இருப்பது, அம்மா பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்த கிளிக் த்ரீ நெகட்டிவ்கள்தான். பன்னிரண்டே பன்னிரண்டு. நானூறு போய், பன்னிரண்டு நின்றது.

அக்கா மகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பழைய கேமரா வாங்கினால் மெகாபிக்ஸலைப் பார்த்து மயங்காதீர்கள். போஸ்ட் கார்டு அளவு பிரின்ட்டுக்கு இரண்டு மெகாபிக்ஸலே தாராளம். கடையில் கிடைக்கும் பென்சில் செல்லில் ஓடுகிறதா, சாதாரண எஸ்.டி. கார்டு போடலாமா என்று பாருங்கள். எக்ஸ்.டி. கார்டு என்று ஒன்று 2002-ல் வந்தது. இப்போது அதைத் தேடித்தான் அலைய வேண்டும். செல்போனிலேயே எடுத்தாலும் பரவாயில்லை.

எதில் எடுத்தாலும், அன்று ராத்திரியே வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு படமாவது காகிதத்தில் பிரின்ட் போடுங்கள்.

டிஜிட்டலில் மூல ஓலை என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லாமே படி ஓலைதான். கிழிந்த பிறகும் இன்னொன்று யார் கையில் இருக்கிறதோ, திருவெண்ணெய்நல்லூர்க் கிழவர் மாதிரி, அவர்தான் வழக்கில் ஜெயிப்பார்.

உங்கள் கையில் இருக்கிறதா?